செலவாகாத ஆற்றலுக்குக் கணக்கு

ஐரோப்பாவில் எந்த வீட்டு உபயோகப் பொருள் கடைக்குள் நுழைந்தாலும் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி. ஆகியவற்றின் மேல் ஒரு வண்ணச் சீட்டு ஒட்டியிருக்கும். மேலே பச்சை, கீழே சிவப்பு, இடையில் படிப்படியாக எழுத்துகள். 2021 பிப்ரவரியில் ஒரு ஃபிரிட்ஜின் சீட்டில் 'ஏ+++' என்று இருந்தது. அன்றைக்கு அதுதான் முதல் தரம். மார்ச்சில் அதே ஃபிரிட்ஜுக்கு 'சி' கிடைத்தது; சிலவற்றுக்கு 'டி'. கம்ப்ரசர் மாறவில்லை, கதவின் ரப்பர் மாறவில்லை. பிறகு எப்படி இத்தனை படி இறங்கியது?

இந்திய வாசகர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. 2022 ஜூலையில் இங்கே அளவுகோல் இறுக்கப்பட்டபோது, அதுவரை 5 நட்சத்திரம் வைத்திருந்த ஏ.சி.க்கள் பல 4 நட்சத்திரத்துக்கு இறங்கின. ஆனால் ஐரோப்பாவில் நடந்தது அதைவிடப் பெரிய திருத்தம். மிச்சம் பிடித்த ஆற்றலை அரசு எப்படி அளக்கிறது, அந்த அளவு எங்கே தவறுகிறது என்ற கேள்விகளை இந்தச் சீட்டிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம்.

சீட்டுக்கான சட்டம் 1992-இல் வந்தது. ஏ முதல் ஜி வரை ஏழு படிகள். தொடக்கத்தில் ஏ வாங்கிய கருவிகள் அரிது. வாங்குவோர் சீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதும் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு முன்னேறின. சில ஆண்டுகளிலேயே ஏ வகுப்பு நிரம்பிவிட்டது. அப்போது அளவுகோலை உயர்த்தாமல் ஏ+, ஏ++, ஏ+++ என்று மேலே ஒட்டுப்போட்டார்கள். 2017 வாக்கில் விற்ற ஃபிரிட்ஜ்களிலும் வாஷிங் மெஷின்களிலும் 90 சதவீதத்துக்கு மேல் ஏதோ ஒரு ஏ+ வகையில் இருந்தன. பி-யிலிருந்து ஏ-வுக்குப் போகக் கூடுதல் பணம் கொடுத்த மக்கள், ஏ+-இலிருந்து ஏ++-க்குப் போக அதே ஆர்வம் காட்டவில்லை என்பதை ஆய்வுகள் காட்டின. எல்லாமே ஏ என்றால் சீட்டு எதையும் சொல்வதில்லை.

எனவே 2017-இல் புதிய விதி வந்தது. கூட்டல் குறிகள் அனைத்தும் நீங்கின. மீண்டும் ஏ முதல் ஜி வரை. அதிலும் ஏ வகுப்பைக் கிட்டத்தட்டக் காலியாகவே விட்டார்கள். வருங்காலக் கருவிகளுக்கு அங்கே இடம் வேண்டும் அல்லவா? விற்பனையாகும் மாதிரிகளில் 30 சதவீதம் ஏ வகுப்புக்குள் வந்துவிட்டால் அளவுகோலைத் திரும்ப உயர்த்த வேண்டும் என்பதும் அந்த விதியிலேயே இருக்கிறது. சோதிக்கும் முறையும் மாறியது. முன்பு 25 டிகிரி அறையில் மட்டும் ஃபிரிட்ஜைச் சோதித்தார்கள். இப்போது 16 டிகிரியிலும் 32 டிகிரியிலும் ஓட்டிப் பார்க்கிறார்கள். குளிர்காலச் சமையலறையும் கோடைகாலச் சமையலறையும் ஒன்றல்ல என்பதை ஆய்வகம் ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் இது.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒரே பயனைக் குறைந்த ஆற்றலில் பெறுவது ஆற்றல் திறன். பயனையே குறைத்துக்கொள்வது சிக்கனம். இருட்டில் உட்கார்ந்திருந்தால் அது சிக்கனம். 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 8 வாட் எல்.இ.டி.யில் பெற்றால் அது திறன். ஆகவே திறனை அளக்க இரண்டு எண்கள் தேவை: கருவி எவ்வளவு வாங்குகிறது, எவ்வளவு திருப்பித் தருகிறது. முதல் எண் எளிது. இரண்டாவதில்தான் சிக்கல்.

வேக்குவம் கிளீனரின் கதை இதை நன்றாக விளக்கும். 2014-க்கு முன் ஐரோப்பியக் கடைகளில் 2,000 வாட்டைத் தாண்டிய கிளீனர்கள் சாதாரணமாகக் கிடைத்தன. வாட் அதிகம் என்றால் உறிஞ்சும் சக்தியும் அதிகம் என்று மக்கள் நம்பினார்கள். நிறுவனங்களும் பெட்டியின் மேல் வாட்டைப் பெரிய எழுத்தில் அச்சிட்டன. உண்மையில் வாட் சொல்வது கருவி எவ்வளவு மின்சாரம் வாங்குகிறது என்பதை மட்டுமே. மோட்டாரும் காற்றுப் பாதையும் மோசமாக வடிவமைக்கப்பட்டிருந்தால் அதில் பெரும்பகுதி சூடாகவும் இரைச்சலாகவும் போய்விடும். 2014 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் 1,600 வாட் என்று உச்சவரம்பு வைத்தது. 2017 செப்டம்பரில் அதை 900 வாட்டாகக் குறைத்தது. வெறும் வாட்டைக் குறைத்தால் தூசு எடுக்காத கிளீனர்கள் வந்துவிடும் என்பதால், கம்பளத்திலிருந்தும் தரையிலிருந்தும் எவ்வளவு தூசு எடுக்க வேண்டும் என்பதற்கும் குறைந்தபட்ச வரம்பு வைத்தார்கள். பிரிட்டனில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. பழைய மாதிரிகள் தீர்வதற்குள் வாங்கிவிடக் கூட்டம் கூடியது. வீடுகள் அதன் பிறகும் சுத்தமாகவே இருக்கின்றன.

ஆனால் அதே கருவியின் வண்ணச் சீட்டு வேறொரு காரணத்தால் விழுந்தது. சோதனை காலிப் பையோடு நடந்தது. தூசுப் பை நிறைய நிறையக் காற்று அடைபட்டு மோட்டார் கூடுதலாகத் திணறும். பை இல்லாத கிளீனர்களை விற்கும் டைசன் நிறுவனம் இதைச் சுட்டிக்காட்டி நீதிமன்றம் போனது. 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்தச் சீட்டை ரத்து செய்தது. வீட்டில் பயன்படுத்தும் நிலைக்கு முடிந்தவரை நெருக்கமாகச் சோதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது காலிப் பையோடு அளந்தது செல்லாது என்பதே தீர்ப்பின் சாரம். சரியான தீர்ப்பு. அளவு பொய்த்தால் அதன் மேல் எழும் விதியும் பொய்த்துப்போகும்.

கார்களில் இந்தப் பொய் இன்னும் பெரிதாக வளர்ந்தது. பழைய ஆய்வகச் சோதனை சொன்ன எரிபொருள் செலவுக்கும் சாலையில் ஆன செலவுக்கும் 2001 வாக்கில் 10 சதவீதத்துக்கும் குறைவான இடைவெளியே இருந்தது. 2015 வாக்கில் அது 40 சதவீதத்தைத் தொட்டது. டீசல் கார்களின் புகைச் சோதனையில் வோக்ஸ்வாகன் நிறுவனம் செய்த மோசடி வெளிப்பட்டதும் 2015-இல்தான். 2017-இலிருந்து புதிய சோதனை முறை. 2021-இலிருந்து ஒவ்வொரு புதிய காரிலும் எரிபொருளை அளந்து பதிவு செய்யும் கருவி. அந்தப் பதிவுகளைத் திரட்டி 2024-இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட முடிவு: பெட்ரோல், டீசல் கார்களில் இடைவெளி சுமார் 20 சதவீதம். பிளக்கில் செருகி சார்ஜ் செய்யும் ஹைபிரிட் கார்களிலோ உண்மையான புகை ஆய்வக அளவைப்போல 3.5 மடங்கு. மக்கள் அவற்றை எதிர்பார்த்த அளவுக்குச் சார்ஜ் செய்யவில்லை.

சத்தமில்லாமல் வென்ற விதிகளும் உண்டு. ரிமோட்டை எதிர்பார்த்து விழித்திருக்கும் டி.வி. வாங்கும் மின்சாரத்தைக் காத்திருப்பு மின்சாரம் எனலாம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம். 10 வாட்டில் காத்திருக்கும் கருவி ஆண்டு முழுவதும் அப்படியே இருந்தால் 88 யூனிட் தின்றுவிடும், ஒரு வேலையும் செய்யாமல். 2010-இல் இதற்கு 1 வாட் என்று வரம்பு வந்தது. 2013-இல் அரை வாட். இப்போது ஆண்டுக்கு 4 யூனிட் சொச்சம். யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பெரும்பாலோருக்கு இப்படி ஒரு விதி வந்ததே தெரியாது. 2009-க்கும் 2012-க்கும் இடையில் படிப்படியாகக் குண்டு பல்புகள் கடைகளிலிருந்து விடைபெற்றதும் இதே வழியில்தான். உற்பத்தி செய்யும் இடத்திலேயே மோசமானதை நிறுத்திவிடும் விதிக்கு ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்ட வேண்டிய அவசியமில்லை.

கட்டடங்களில் இது நடக்காது. வீடுகள் தொழிற்சாலையிலிருந்து புதிதாக வருவதில்லை. ஐரோப்பியக் கட்டடங்களில் 85 சதவீதம் 2000-க்கு முன்பே கட்டியவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ 40 சதவீதம் கட்டடங்களுக்குள் போகிறது. வீட்டு ஆற்றலில் ஐந்தில் மூன்று பங்கு அறையைச் சூடாக்கவே செலவாகிறது. இதைப் புரிந்துகொள்ள ஓட்டைக் குடம் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். குடத்தில் நீர் மட்டம் குறையாமல் இருக்க, ஒழுகுகிற அளவுக்கு மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மட்டத்தை உயர்த்தினால் ஒழுக்கும் வேகமாகும். குளிர்கால வீட்டில் நீர் மட்டம் என்பது அறையின் வெப்பநிலை, ஓட்டைகள் சுவர், கூரை, கண்ணாடி, கதவிடுக்கு, ஊற்றுவது ஹீட்டர். வெளியே உறைபனி, உள்ளே 20 டிகிரி என்றால் வெப்பம் ஒழுகுவது ஒரு கணமும் நிற்காது. பெரிய ஹீட்டர் வாங்குவது ஒரு வழி. ஓட்டையை அடைப்பது மற்றொரு வழி. இதற்குப் பெயர் வெப்பக் காப்பு.

எவ்வளவு அடைக்க முடியும் என்பதற்கு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் விடை இருக்கிறது. 1991-இல் அங்கே வோல்ஃப்காங் ஃபைஸ்ட் என்ற இயற்பியலாளரின் முயற்சியில் ஒரே வரிசையில் நான்கு வீடுகள் எழுந்தன. தடித்த காப்புச் சுவர், மூன்றடுக்குக் கண்ணாடி, வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரும் காற்றோட்டக் கருவி. இவ்வகை வீட்டுக்கு வைத்த இலக்கு, ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட் வெப்பம். அதாவது ஒன்றரை லிட்டர் எண்ணெய். பழைய வீடுகள் பலவற்றுக்கு இதைப்போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் வேண்டும். குடியிருப்போர் வந்த பிறகு ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். இலக்கைவிடக் குறைவாகவே செலவானது. இப்படிப்பட்ட வீட்டில் காற்று கசிகிறதா என்று பார்க்கும் முறை எளிமையானது. வாசல் கதவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தத்தில் சிறு வேறுபாட்டை உண்டாக்குவார்கள். அந்த வேறுபாடு குறையாமல் இருக்க விசிறி எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறதோ அவ்வளவு காற்று எங்கோ கசிகிறது. கையை விளிம்புகளில் வைத்துப் பார்த்தாலே எந்த இடுக்கு என்று தெரிந்துவிடும்.

தொழில்நுட்பம் இருந்தும் பழைய வீடுகள் ஏன் அப்படியே கிடக்கின்றன? வாடகை வீடு என்றால் காப்புக்குப் பணம் போட வேண்டியவர் வீட்டுக்காரர், கட்டணம் கட்டுபவர் குடியிருப்பவர். செலவு ஒருவருக்கு, லாபம் மற்றவருக்கு. சந்தை தானாக இதைத் தீர்க்காது. சட்டம்தான் தீர்க்க வேண்டும். 2002-இல் வந்த ஐரோப்பியச் சட்டம், வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் ஆற்றல் சான்றிதழ் காட்ட வேண்டும் என்றது. நெதர்லாந்தில் 2023 முதல் 100 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலகக் கட்டடத்துக்குக் குறைந்தது சி தரம் வேண்டும். பிரான்ஸ் இன்னும் துணிந்தது. அங்கே வெப்பச் சல்லடை என்றே அழைக்கப்படும் ஜி தர வீடுகளை 2025 ஜனவரி 1 முதல் புதிதாக வாடகைக்கு விடக் கூடாது. எஃப் தரத்துக்கு 2028, ஈ தரத்துக்கு 2034.

சான்றிதழ் சொல்லும் எண் எப்படி வருகிறது? பெரும்பாலும் கணக்கிலிருந்து. சுவரின் தடிமன், சன்னலின் வகை, அறையின் பரப்பு எல்லாம் போட்டு, வீடு முழுவதும் சீராகச் சூடாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறார்கள். 2012-இல் மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் ஆகிய ஆய்வாளர்கள் 3,400 ஜெர்மானிய வீடுகளின் தரவை எடுத்து, கணக்கு சொன்ன எண்ணையும் உண்மையில் எரிந்த எரிபொருளையும் ஒப்பிட்டார்கள். சராசரியாக மக்கள் கணக்கைவிட 30 சதவீதம் குறைவாகவே செலவழித்திருந்தார்கள். வீடு எவ்வளவு மோசமோ இடைவெளி அவ்வளவு அதிகம்.

காரணம் வறுமையும் எச்சரிக்கையும். மோசமான வீட்டில் இருப்பவர்கள் எல்லா அறைகளையும் சூடாக்குவதில்லை. ஒரே அறையில் ஸ்வெட்டரும் போர்வையுமாகக் கழிக்கிறார்கள். செலவழிக்காத ஆற்றலை மிச்சப்படுத்த முடியாது. இதை முன்விளைவு எனலாம். வீட்டைச் சீரமைத்த பிறகு நேர்வது மீள்விளைவு: சூடாக்குவது மலிவானதும் மக்கள் கூடுதல் அறைகளைச் சூடாக்குகிறார்கள். நீராவி எந்திரம் திறன் பெறப் பெற நிலக்கரிச் செலவு கூடியதை 1865-இலேயே வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் எழுதிவிட்டார். சிலர் இதைக் காட்டிச் சீரமைப்பே வீண் என்கிறார்கள். அது தவறு. குளிரில் நடுங்கிய முதியவர் கதகதப்பாக உறங்குவது வீணல்ல. ஆனால் அந்த மிச்சத்தை நம்பிக் கடன் திட்டம் போடுகிறவர்கள் இந்த 30 சதவீதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

பிரிட்டன் எடுக்கவில்லை. 2013-இல் தொடங்கிய 'கிரீன் டீல்' திட்டத்தில் வீட்டுக்காரர் கடன் வாங்கிக் காப்பு போடலாம். மிச்சமாகும் கட்டணத்திலிருந்தே தவணை கட்டலாம். தவணை மிச்சத்தைத் தாண்டாது. தாளில் அழகான யோசனை. ஆனால் மிச்சம் கணக்கிலிருந்து வந்தது, வட்டியோ 7 சதவீதத்துக்கு மேல். லட்சக்கணக்கான வீடுகளை எதிர்பார்த்த திட்டத்தில் கடன் வாங்கியவை சுமார் 14,000 வீடுகள். 2015-இல் புதுக்கடனுக்கான நிதி நின்றது.

இத்தாலி நேரெதிர் திசையில் தவறியது. 2020-இல் கொண்டுவந்த திட்டம் சீரமைப்புச் செலவில் 110 சதவீதத்தை வரிச் சலுகையாகத் திருப்பித் தந்தது. தன் கையிலிருந்து ஒரு யூரோவும் போகாதபோது விலை பேச யாருக்கும் காரணம் இல்லை. கொத்தனாரும் சாரமும் கிடைக்காத அளவுக்கு நாடு முழுவதும் வேலை நடந்தது, விலை ஏறியது, நடக்காத வேலைக்குச் சலுகை வாங்கிய மோசடிகளும் பிடிபட்டன. அரசுக்கான செலவு 10,000 கோடி யூரோவைத் தாண்டியது. சீரமைந்த கட்டடங்கள் சுமார் 5 லட்சம், நாட்டின் மொத்தக் கட்டடங்களில் ஒரு சிறு பங்கு. பிரான்ஸில் ஒரு யூரோவுக்குப் பரண் காப்பு என்ற விளம்பரங்களும் இதே பாதையில் போய், அரைகுறை வேலைகளும் புகார்களும் பெருகி, 2021-இல் முடிவுக்கு வந்தன.

நீண்ட ஓட்டத்தில் வென்ற நாடு டென்மார்க். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது அந்த நாடு தன் ஆற்றலில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பின் 1977-இல் கட்டட விதிகள் இறுகின. 1979-இல் வெப்ப வழங்கல் சட்டம் வந்தது. அனல் மின் நிலையம் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கும் குறைவானதையே மின்சாரமாக்கும். மீதி கடலுக்கும் காற்றுக்கும் போகும் சூடு. டென்மார்க் அந்தச் சூட்டை வெந்நீராகக் குழாய்களில் ஊர்வீதிகளுக்கு அனுப்பியது. இன்று அங்கே மூன்றில் இரண்டு வீடுகளுக்கு இப்படித்தான் சூடு வருகிறது. 1970-களிலிருந்து பொருளாதாரம் இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்தும் நாட்டின் ஆற்றல் செலவு கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கிறது. எந்த ஆட்சி வந்தாலும் விதி தளரவில்லை என்பதற்கே இதில் பெரிய பங்கு.

2022-இல் ஐரோப்பா முழுவதற்கும் ஒரு பெரிய தேர்வு வந்தது. ரஷ்ய எரிவாயு குறைந்ததும், அந்த ஆகஸ்ட் முதல் மறு மார்ச் வரை எரிவாயுவை 15 சதவீதம் குறைப்பது என்று ஒன்றியம் முடிவு செய்தது. ஜெர்மனியின் அரசு அலுவலகங்களில் 19 டிகிரிக்கு மேல் சூடாக்கத் தடை; ஸ்பெயினின் கடைகளில் இரவு 10 மணிக்குச் சன்னல் விளக்குகள் அணைந்தன. கடைசியில் எரிவாயுச் செலவு சுமார் 18 சதவீதம் குறைந்தது. இதில் கொள்கைக்கு எவ்வளவு, மிதமான குளிர்காலத்துக்கு எவ்வளவு? இதைப் பிரிக்க வெப்பத் தேவை நாள் என்ற அளவு இருக்கிறது. இதில் 18 டிகிரிதான் அடிப்படை. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 5 டிகிரி என்றால் 18-க்கு அது 13 குறைவு. அந்த நாளுக்கு 13. குளிர்காலம் முழுவதும் கூட்டினால் அந்த ஆண்டுக் குளிரின் மொத்த எடை கிடைக்கும். முந்தைய ஆண்டுகளின் எடையோடு ஒப்பிட்டால் வானிலையின் பங்கைத் தனியே எடுத்துவிடலாம். எடுத்த பிறகும் கணிசமான குறைப்பு மிஞ்சியது. ஆனால் அதில் ஒரு பகுதி விலை தாளாமல் உற்பத்தியைக் குறைத்த உரத் தொழிற்சாலைகளுடையது, இன்னொரு பகுதி குளிரில் உட்கார்ந்திருந்த ஏழைகளுடையது. இரண்டையும் திறன் என்று எழுதிக்கொள்வது நேர்மையல்ல.

2023-இல் திருத்திய ஆற்றல் திறன் சட்டப்படி 2030-இல் ஒன்றியத்தின் இறுதி ஆற்றல் நுகர்வு, அதாவது வீட்டுக்கும் ஆலைக்கும் வண்டிக்கும் வந்து சேரும் ஆற்றல், 763 மில்லியன் டன் எண்ணெய்க்கு ஈடான அளவைத் தாண்டக் கூடாது. 2023-இல் அது சுமார் 894. ஏழே ஆண்டில் இறங்க வேண்டிய தூரம் பெரிது. கட்டடங்களோ ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்ற வேகத்தில்தான் சீரமைகின்றன. 2024-இல் வந்த புதிய கட்டடச் சட்டம், குடியிருப்புகளின் சராசரி ஆற்றல் செலவை 2030-க்குள் 16 சதவீதம் குறைக்கச் சொல்கிறது. அந்தக் குறைப்பில் 55 சதவீதமாவது மிக மோசமான வீடுகளிலிருந்து வர வேண்டும் என்கிறது. மோசமானதை முதலில் எடுப்பது சரியான முடிவு. ஏழைகள் இருப்பது அங்கேதான்.

உறுப்பு நாடுகள் இதைத் தங்கள் சட்டமாக்கக் கடைசி நாள் 2026 மே 29. அப்படி ஆக்கும்போது ஒரு விதியை அவை சேர்த்துக்கொள்ள வேண்டும்: வேலை முடிந்த வீட்டின் மீட்டரை ஒரு முழுக் குளிர்காலம் படித்துப் பார்த்த பிறகே மானியத்தின் கடைசித் தவணை. ஒப்பந்தக்காரர்கள் எதிர்ப்பார்கள், காரியம் சற்றுத் தாமதமாகும். ஆனால் மிச்சத்தை மீட்டரில் பார்க்காமல் பணம் கொடுத்த இடத்தில்தான் கிரீன் டீலும் இத்தாலியின் 110 சதவீதமும் தோற்றன. ஐரோப்பா அந்தத் தவற்றுக்கு ஏற்கெனவே இரண்டு முறை விலை கொடுத்துவிட்டது.